ஒரு மணிக்கு லீவியோ

திரியெஸ்தேயில் இறங்கியதிலிருந்து
நான் வாய்திறந்து சொன்ன சொல் ஒன்றுதான்:
'ஒன்று.'
பஸ் டிக்கெட் ஒன்று. காப்பி ஒன்று.
எத்தனை பேர் என்று என் தோளுக்குப் பின்னால் தேடிய
பரிசாரகனுக்கு விரலாலும் காட்டினேன்.
எதிர் நாற்காலியை அவன்
பக்கத்து மேசைக்குத் தூக்கிப் போனான்.
அங்கே ஒரு பாதிரியாரும் மூன்று பெண்களும்
சிரிக்க இடம் போதாமல் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்தேன்.
மூன்று பக்கம் மாளிகையும்
நாலாவது பக்கம் கடலுமாக ஒரு சதுக்கம்,
யாரோ கதவு வைக்க மறந்த கூடம் மாதிரி.
நீலக் குவிமாடம் வைத்த செர்பியத் தேவாலயம்,
உள்ளே மெழுகுவத்தி, வெளியே மீன் லாரி.
ரோமானியர் கட்டிய அரங்கின் படிக்கட்டில்
முன்வரிசை பிடித்திருந்தது ஒரு பூனை.
கையை நீட்டி என்னை நானே எடுத்த படத்தில்
கால்வாசி நான்,
மிச்சமெல்லாம் கிரேன்.

வெயில் ஏறியது.
தோளில் துண்டோடு பெண்கள் ஒரே திசையில் போனார்கள்.
பின்னாலேயே போனேன்.

காசு கொடுத்து உள்ளே நுழைந்தால்
கூழாங்கல் கரை, அதற்கு நடுவே
வெள்ளையடித்த சுவர்.
இரண்டு ஆள் உயரம்.
கரையை வகிர்ந்துகொண்டு வந்து
தண்ணீருக்குள்ளும் கொஞ்சதூரம் இறங்கி நிற்கிறது.
இந்தப்புறம் பெண்கள். அந்தப்புறம் ஆண்கள்.
இடித்துவிடலாமே என்று எவனாவது சொன்னால்
முதலில் அடிக்க வருவது நாங்கள்தான் என்றாள்
நெரீனா.

அறுபது தாண்டியவள்.
மேலாடை இல்லாமல் சீட்டாடிக்கொண்டிருந்தாள்.
கப்பல் கம்பெனியில் தட்டச்சு செய்த ஆங்கிலம்,
கழுத்தில் தையல் தழும்பு,
காற்றுப்போன சைக்கிள் டியூப் குரல்.
ஒரு மணிக்கு என் புருஷனைச் சாப்பிடக் கூப்பிடணும்,
எனக்குச் சத்தம் வராது.
மார்ச்செல்லா கூப்பிடமாட்டாள், ஈஸ்டரிலிருந்து
அவரோடு பேச்சுவார்த்தை இல்லை.
ஃபுல்வியா, பார், தூங்கிவிட்டாள்.
நீ கூப்பிடு.

எங்கள் பக்கத்தில்
கட்டியவன் பெயர் நாக்கில் பட்டுவிடாமல்
ஆயுள் முழுக்கச் சுற்றிவளைத்தவர்கள் உண்டு.
நான்
அடுத்தவள் புருஷனை
அடிவயிற்றிலிருந்து கூப்பிட்டேன்:
லீவியோ!

அந்தப்புறம் பேச்சு நின்றது.
பிறகு ஏழெட்டு ஆண்கள் சேர்ந்து
லீவியோ... லீவியோ... என்று குழைந்தார்கள்.
ஒரு கரகரத்த குரல் மட்டும் தனியாக என்னவோ கேட்டது.
'யாரது என்கிறார்.
பசி என்று சொல்.'
அவர்கள் மொழியில் அதற்கான சொல்லை
என் காதில் ஊதினாள்.
பசி! என்று கத்தினேன்.
சுவரே சிரித்த மாதிரி இருந்தது.

வறுத்த நெத்திலி ஒரு காகிதம் நிறைய
என் மடியில் வைத்துவிட்டு
செருப்பைத் தேடிப் போனாள்.

அப்புறம் நீந்தினேன், சுவரை ஒட்டியே,
அது முடியும் இடம்வரை.
அங்கே கால் எட்டாத ஆழம்.
கணவன் மனைவி போல இரண்டு தலைகள்
மிதந்தபடி
மின்கட்டணம் பற்றிச் சண்டைபோட்டுக்கொண்டிருந்தன.

சாயங்காலம் கல் பாலத்தின் நுனிவரை நடந்தேன்.
காற்று தலைமுடியை எடுத்துக்கொண்டது.
துருக்கிக்குப் போகும் கப்பல் ஒன்று
லாரிகளை விழுங்கிக்கொண்டிருந்தது.
திரும்பும் வழியில் ஐஸ்கிரீம் வண்டி.
ஒன்று, என்றேன்.

'பசி!'

திரும்பினேன். எவ்வளவு சட்டென்று திரும்பினேன்,
பிறந்ததிலிருந்து அதுதான் என் பெயர்போல.

ஈரம் காயாத நரைத்தலை. கரகரத்த குரல்.
இரண்டு கையிலும் இரண்டு கோன்,
மீசையில் பிஸ்தா.
முகம் பார்த்திராத நாங்கள்
ஒருவரை ஒருவர் மேலும்கீழும் பார்த்துக்கொண்டோம்.
நெரீனா எங்கே என்று கேட்க வாயெடுத்தேன்.
அவர் அவசரமாக
ஒரு கோனை வலதுகைக்கு மாற்றி,
காலியான கையின் விரலை உதட்டில் வைத்து,
தன் சர்க்கரை வியாதியை
நெஞ்சைத் தட்டிக் காட்டினார்.

சத்தியமாகச் சொல்லமாட்டேன், லீவியோ.
காலை ஆறரைக்கு எனக்கு ரயில்.